போறணையும் எண்ணெய்ச் சட்டியும்: இலங்கை வீடுகளில் அயல்நாட்டுப் பண்டிகை உணவுகள் நிலைபெற்ற வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்த பண்டிகை உணவுகளுள் சில, சமய எல்லைகளைக் கடந்து எல்லார் வீடுகளிலும் சமைக்கப்படும் பலகாரங்களாயின. வேறு சில ஒரு சமூகத்தின் அடையாள உணவாகவே நின்றுவிட்டன. இவ்வேறுபாட்டிற்குச் சமயம், ஆட்சியதிகாரம், சுவை ஆகியவற்றையே காரணமாகக் கூறுவது வழக்கம். சமைக்கும் முறையும் அதற்கு வேண்டிய அடுப்பும் இதில் முதன்மையான பங்கு வகித்தன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கொக்கிஸ், வட்டிலப்பம், புரூதர், லவ் கேக், கிறிஸ்துமஸ் கேக் ஆகியவை இங்கு ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. உணவின் பெயரைக் கொண்டு அதன் பிறப்பிடத்தை முடிவுசெய்வதில் உள்ள இடர்ப்பாடும் சுட்டப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: உணவு வரலாறு, இலங்கை, ஒல்லாந்தர், பறங்கியர், கொக்கிஸ், வட்டிலப்பம், போறணை, கடன்சொற்கள்

முன்னுரை

சித்திரைப் புத்தாண்டு நாளில் இலங்கையின் சிங்கள வீடுகளில் விரிக்கப்படும் உணவு மேசையில் பாற்சோறு, கவும், வாழைப்பழம் ஆகியவற்றோடு கொக்கிஸ் தவறாது இடம்பெறும். தமிழ் வீடுகள் பலவற்றிலும் புத்தாண்டுப் பலகாரங்களுள் அது ஒன்று. அதனை உண்பவர் அதனை மரபுப் பண்டமாகவே கருதுகின்றனர். ஆயினும் அதன் பெயர் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது என்பது அறிஞரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதே ஒல்லாந்தர் வழிவந்த புரூதர் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டியோ இன்றும் பறங்கியர் இல்லங்களையும் நகரத்து வெதுப்பகங்கள் சிலவற்றையும் விட்டு வெகுதொலைவு செல்லவில்லை. ஒரே ஆட்சியின் கீழ்ப் பெயர்பெற்ற இரண்டு பண்டங்களுள் ஒன்று நாட்டின் பொதுப் பலகாரமாகவும் மற்றொன்று சிறுபான்மைச் சமூகமொன்றின் உணவாகவும் நின்றது ஏன் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இவ்வினா உணவுக்கு அப்பாலும் பொருளுடையது. எது மரபு, எது அந்நியம் என்னும் வழக்கு பண்பாட்டு அரசியலில் அடிக்கடி எழுகிறது. அவ்வழக்கில் உணவும் சான்றாகக் கொண்டுவரப்படுகிறது. ஒரு பண்டம் எவ்வழியே ‘நம்முடையது’ ஆகிறது என்பதைத் தெளிவாக அறிந்தாலன்றி அச்சான்றின் வலிமையை மதிப்பிட இயலாது.

1. வரலாற்றுப் பின்புலம்

போர்த்துக்கேயர் இலங்கைக்கு 1505-இல் வந்தனர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணிப்பு. யாழ்ப்பாண அரசு 1619-இல் அவர்கள் ஆட்சியின் கீழ் வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியது. கரையோர மாகாணங்கள் 1796-இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. கண்டி அரசு 1815-இல் வீழ்ந்ததோடு தீவு முழுவதும் ஒரே ஐரோப்பிய ஆட்சியின் கீழ் வந்தது. எனவே கரையோரத் தமிழ், சிங்கள, முஸ்லிம் மக்கள் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் அதிகாரிகள், போர்வீரர், மதகுருமார், வணிகர் ஆகியோருடன் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நேரடித் தொடர்பு கொண்டிருந்தனர்.

இத்தொடர்பின் வழியே உருவான கலப்புச் சமூகத்தினர் பறங்கியர் எனப்பட்டனர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்த போர்த்துக்கேயப் பறங்கியர் போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பேசியதோடு தமிழையும் அன்றாட மொழியாகக் கொண்டனர். கொழும்பை மையமாகக் கொண்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலத்தைத் தம் வீட்டுமொழியாக்கிக்கொண்டனர். அவர்கள் தம் வம்சாவளியையும் வழக்கங்களையும் பேணும் நோக்குடன் 1907-இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை நிறுவினர்.

ஒல்லாந்தர் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து போர்வீரரையும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் வழிவந்தோரே இலங்கை மலாயர். ஆகவே ஒல்லாந்தர் ஆட்சி ஐரோப்பிய உணவை மட்டும் அன்றி ஆசிய உணவையும் இத்தீவுக்குக் கொண்டுவந்த வாயிலாக இருந்தது.

2. சொற்சான்றும் அதன் எல்லையும்

இலங்கைத் தமிழின் சமையற்கூடச் சொற்கள் இத்தொடர்பின் ஆழத்தைக் காட்டுகின்றன. சமையலறையைக் குறிக்கும் ‘குசினி’, ரொட்டியைக் குறிக்கும் ‘பாண்’, ரொட்டி சுடும் அடுப்பைக் குறிக்கும் ‘போறணை’ ஆகிய மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். அவரையினத்தைச் சேர்ந்த ‘போஞ்சி’ ஒல்லாந்தச் சொல். பழங்களையும் காய்களையும் பாகில் இட்டுச் செய்யும் இனிப்பைச் சிங்களத்தில் ‘தோசி’ என்பர். இதுவும் இனிப்பு எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு.

இவற்றுள் ‘போறணை’ தனிக் கவனத்துக்குரியது. தமிழில் அடுப்பு, உலை, சூளை முதலிய சொற்கள் பண்டுதொட்டு உள்ளன. அவ்வாறிருந்தும் ரொட்டி சுடும் அடுப்புக்குப் பிறமொழிச் சொல் தேவைப்பட்டது. அவ்வகை அடுப்பு உள்ளூர்ச் சமையலில் இல்லாத புதுப்பொருளாக வந்ததனை இது உணர்த்துகிறது.

எனினும் பெயர்ச்சான்றை அளவறிந்தே கையாள வேண்டும். ‘கொக்கிஸ்’ என்பது சிறு கேக்குகள் எனப் பொருள்படும் ஒல்லாந்துச் சொல்லான ‘கூக்யெஸ்’ என்பதன் திரிபு எனக் கொள்ளப்படுகிறது. இதனைக் கொண்டு அப்பண்டம் ஒல்லாந்தில் தோன்றியது என முடிவுசெய்தல் பொருந்தாது. இரும்பு அல்லது பித்தளை அச்சைச் சூடேற்றி, மாக்கரைசலில் தோய்த்து, எண்ணெயில் பொரிக்கும் முறை உலகின் பல பகுதிகளில் உண்டு. நோர்வே, சுவீடன் நாடுகளில் அது கிறிஸ்துமஸ் பண்டம். ஈரானில் ‘சன்னல் ரொட்டி’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குகிறது. எசுப்பானியத்திலும் போர்த்துக்கல்லிலும் பூவடிவப் பொரிபண்டங்களாக உள்ளது. கேரளத்தில் அச்சப்பம், தமிழ்நாட்டில் அச்சு முறுக்கு, மலேசியாவில் ‘ரோஜாப் பலகாரம்’ எனப் பொருள்படும் பெயர் என அது வழங்குகிறது. மங்களூர்க் கத்தோலிக்கரின் கிறிஸ்துமஸ் பலகாரத் தொகுதியான குஸ்வாரில் இது ‘கொக்கிசான்’ எனப்படுகிறது. மங்களூர்ப் பகுதியில் மேலோங்கியிருந்தது போர்த்துக்கேயச் செல்வாக்கு என்பது நோக்கத்தக்கது. எனவே ‘கொக்கிஸ்’ என்னும் பெயர், அப்பண்டம் இலங்கையில் எக்காலத்தில், எவர் வாயிலாகப் பெயர்பெற்றது என்பதற்கே சான்றாகும். அது முதன்முதல் எங்குத் தோன்றியது என்பதற்கு அப்பெயர் சான்றாகாது.

இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு வட்டிலப்பம். இப்பெயர் ‘வட்டில்’, ‘அப்பம்’ என்னும் இரு தமிழ்ச் சொற்களின் கூட்டாகப் பொருள்கொள்ளப்படுகிறது. பெயரை மட்டும் நோக்கின் இது தமிழர் உணவு என்றே கூறவேண்டிவரும். ஆனால் முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வேகவைக்கும் இப்பண்டம் மலாயர் வழியே வந்தது என்பதே பொதுவான கருத்து. மலாய் உலகின் ‘சிறிகாயா’ என்னும் இனிப்புடன் இதற்குள்ள நெருங்கிய ஒற்றுமை இக்கருத்துக்கு அரணாகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்கள் அதனைத் தம் பண்டிகை உணவாக ஏற்றபோது அதற்குத் தமிழ்ப்பெயர் நிலைத்தது எனக் கருதலாம். ஆக, கொக்கிஸின் அயற்பெயர் அதன் அந்நியத் தோற்றத்தை மெய்ப்பிக்கவில்லை. வட்டிலப்பத்தின் தமிழ்ப்பெயர் அதன் உள்ளூர்த் தோற்றத்தையும் மெய்ப்பிக்கவில்லை. பெயருக்கு அப்பால் செய்முறையை ஆராய்வது இதனால் இன்றியமையாததாகிறது.

3. எண்ணெய்ச் சட்டி வழி: கொக்கிஸ்

ஐரோப்பிய வடிவத்தில் இவ்வகைப் பண்டத்தின் கரைசல் கோதுமை மா, பால், முட்டை, சர்க்கரை ஆகியவற்றால் ஆனது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. பசுப்பாலும் எல்லா வீடுகளிலும் தாராளமாகக் கிடைத்ததன்று. கொக்கிஸில் கோதுமை மாவின் இடத்தை அரிசி மாவும், பாலின் இடத்தைத் தேங்காய்ப்பாலும் பெற்றன. நிறத்துக்கு மஞ்சளும் சுவைக்கு உப்பும் சேர்ந்தன. சர்க்கரை மிகக் குறைந்தது அல்லது நீங்கியது. முட்டை பெரும்பாலும் தங்கியது. முட்டை உண்ணாதார் அதனை நீக்கியும் செய்வர். இவ்வாறு மூலப்பொருள் பெரும்பாலும் மாறியபின்னும் பண்டம் அடையாளம் இழக்கவில்லை. அதன் அடையாளம் அச்சிலும் பொரிக்கும் நுட்பத்திலும் தங்கியிருந்ததே காரணம்.

அந்நுட்பம் நுணுக்கமானது. அச்சு முதலில் எண்ணெயில் ஆழ்ந்து நன்கு சூடேற வேண்டும். சூடு போதாவிடில் கரைசல் அச்சில் பற்றாது. மிகுந்தால் கரைசல் சிதறி வழுக்கிவிடும். சூடான அச்சைக் கரைசலில் முக்கால் பங்குக்கு மேல் அமிழ்த்தலாகாது. மேல்விளிம்பைக் கரைசல் மூடிக்கொண்டால் பண்டம் அச்சைவிட்டுக் கழலாது. உரிய சூட்டில் மாவிலுள்ள மாப்பொருள் அச்சின் பரப்பில் உடனே இறுகி ஒரு மெல்லிய கூடாகிறது. எண்ணெயில் நீர் வெளியேற அக்கூடு மொறுமொறுப்படைகிறது. நீர் மிகக் குறைந்த நிலையில் இருப்பதால் காற்றுப் புகாத தகரக் கலத்தில் அது பலநாள் கெடாதிருக்கும். முன்கூட்டியே சுட்டுவைத்து அயலாருக்கும் உறவினருக்கும் பகிரும் பண்டிகை வழக்கத்துக்கு இவ்வியல்பு மிகவும் ஏற்றது.

இங்குக் கருதத்தக்க செய்தி யாதெனில், கொக்கிஸ் செய்ய வேண்டிய கருவிகளுள் ஒன்றே ஒன்றுதான் புதியது. அது கைப்பிடியுள்ள அச்சு. எண்ணெய்ச் சட்டி, மண் அடுப்பு, விறகு, தேங்காய், அரிசி ஆகிய யாவும் ஏற்கெனவே வீட்டிலிருந்தன. முறுக்கு, அரியதரம், கவும் முதலியவற்றை எண்ணெயில் பொரித்த கைகளுக்குச் சூட்டை அறியும் பயிற்சியும் இருந்தது. முறுக்கு உழக்கைப் போலவே கொக்கிஸ் அச்சும் ஒருமுறை வாங்கினால் தலைமுறைகளுக்கு உதவும், இரவலாகவும் கொடுக்கலாம். நுழைவுக்கான செலவு இவ்வளவு குறைவாயிருந்ததே அது எல்லாத் தரப்பு வீடுகளிலும் நுழைந்ததற்கு அடிப்படை.

ஆங்கிலோ-இந்தியரும் கோவா, மங்களூர்க் கத்தோலிக்கரும் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ‘குல்குல்’ என்னும் சிறு சுருள் பண்டமும் இவ்வாறே வீட்டுப் பலகாரமாக நிலைத்தது. மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகிலோ சீப்பிலோ அழுத்திச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பதே அதன் செய்முறை. அதற்கும் தனி அடுப்பு வேண்டியதில்லை.

4. ஆவி வழி: வட்டிலப்பம்

வட்டிலப்பத்தின் பரவலும் இதே நெறியில் அமைந்தது. முட்டையைக் கருப்பட்டிப் பாகுடனும் கெட்டித் தேங்காய்ப்பாலுடனும் கலந்து, ஏலம், சாதிக்காய் முதலியவற்றைச் சேர்த்து, வடிகட்டிக் கலத்தில் ஊற்றி ஆவியில் வேகவைப்பர். இலங்கையில் கித்துள் பனையின் கருப்பட்டியே இதற்குச் சிறந்ததாகக் கருதப்படும். இட்டலியும் பிட்டும் இடியப்பமும் ஆவியில் சமைத்த வீடுகளுக்கு இம்முறை புதியதன்று. ஐரோப்பாவில் இத்தகைய முட்டைப்பாகுகள் அடுமனை வெப்பத்தில் நீர்த்தட்டினுள் வைத்து இறுகச் செய்யப்படும். ஆவியில் வேகவைப்பதால் போறணை இன்றியே அம்மென்மை கைகூடியது.

நோன்புப் பெருநாளின் உணவாக முஸ்லிம் இல்லங்களில் நிலைபெற்ற வட்டிலப்பம், அங்கிருந்து அயலாருக்குப் பகிரப்பட்டுச் சிங்கள, தமிழ் இல்லங்களின் விருந்து இனிப்பாகவும் பரவியது. அது பலநாள் வைத்துண்ணத் தக்கதன்று. ஆகவே சமைத்த நாளிலோ மறுநாளிலோ பகிர்தலே இயல்பாயிற்று. பண்டிகை நாளிலேயே அயல்வீட்டுக்குச் சென்றதனால் அதன் சுவையும் செய்முறையும் சமய எல்லையைக் கடந்தன எனலாம்.

5. போறணை வழி: புரூதர், லவ் கேக், கிறிஸ்துமஸ் கேக்

தமிழர், சிங்களவர் வீடுகளின் மரபான அடுப்பு கீழிருந்து மட்டுமே வெப்பம் தரும். அவித்தல், வேகவைத்தல், வறுத்தல், பொரித்தல், கல்லில் வார்த்தல் ஆகிய யாவும் இதற்கியைந்தவை. போறணையோ எல்லாப் பக்கத்திலிருந்தும் உலர்வெப்பம் தருவது. செங்கல்லால் கட்டிய போறணையினுள் விறகை எரித்துச் சுவர்களைச் சூடேற்றி, தணலை ஒதுக்கியபின் தேங்கிய வெப்பத்தில் ரொட்டி சுடுவர். இதற்கு மிகுந்த விறகும் நேரமும் வேண்டும். நூற்றுக்கணக்கான ரொட்டிகளைச் சுடும்போதுதான் அச்செலவு கட்டுப்படியாகும். ஒரு குடும்பம் ஒரு கேக்குக்காகப் போறணை வைத்திருத்தல் பொருளாதார நோக்கில் இயலாதது. ஆகவே போறணை வீட்டுக்கு வெளியே, தொழிற்கூடமாகவே நிலைபெற்றது.

இதன் விளைவைப் புரூதரில் காணலாம். ஒல்லாந்துச் சொல்லான ‘புரூடர்’ என்பதிலிருந்து இப்பெயர் வந்தது. ஈஸ்ட்டால் பொங்கிய மாவில் வெண்ணெய், முட்டை, சர்க்கரை, உலர்திராட்சை ஆகியவற்றைச் சேர்த்து, நடுவில் குழாயும் பக்கங்களில் மடிப்புகளும் உடைய உயர்ந்த அச்சில் இட்டுச் சுடுவர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களின் காலையுணவாக, வெண்ணெயும் சிவப்பு மெழுகிட்ட ஈடம் பாலாடைக்கட்டியும் சேர்த்து உண்பது பறங்கியர் வழக்கம். இதற்குரிய மாவை வெதுப்பகத்திலிருந்து பாண் மாவாகவே வாங்கி, வீட்டில் ஏனைய பொருள்களைப் பிசைந்து சேர்க்கும் முறையும் இருந்தது. அதாவது புரூதர் முழுமையாக வீட்டுக்குள் அடங்கவில்லை. வெதுப்பகத்தின் துணையை நாடியே நின்றது. மாவு, ஈஸ்ட், வெண்ணெய், பாலாடைக்கட்டி, அடுப்பு என ஒவ்வொன்றும் வீட்டுக்கு வெளியிலிருந்தோ கடல் கடந்தோ வரவேண்டியிருந்த உணவு பொதுமக்கள் வீடுகளில் பரவாதது வியப்பன்று.

லவ் கேக் இடைநிலையில் நிற்கிறது. போர்த்துக்கேயர் வழிவந்தது எனப் பொதுவாகக் கூறப்படும் இக்கேக்கில் ரவை, முட்டையின் மஞ்சட்கரு, முந்திரிப்பருப்பு, தேன், பன்னீர், ஏலம், கறுவா, சாதிக்காய், நீற்றுப்பூசணித் தோசி ஆகியவை சேர்கின்றன. இதன் மேற்புறம் உலர்ந்தும் உட்புறம் ஈரமாகவும் இருத்தல் வேண்டும். இதற்கு மெல்லிய, நீடித்த உலர்வெப்பம் தேவை. கிறிஸ்துமஸ் கேக் ஆங்கிலேயரின் உலர்பழக் கேக்கிலிருந்து தோன்றி இலங்கையில் தனி வடிவம் பெற்றது. கோதுமை மாவுக்குப் பதிலாக அல்லது அதனுடன் ரவை சேர்த்தல், பன்னீரும் தேனும் சேர்த்தல், சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் பொதிந்து பகிர்தல் ஆகியவை இலங்கை வடிவத்தின் தனித்தன்மைகள். வெட்டிப் பொதிந்து பகிரும் முறை, பலகாரத் தட்டை அயலாருக்கு அனுப்பும் உள்ளூர் வழக்கத்துடன் ஒத்துப்போவது நோக்கத்தக்கது.

தமிழ்நாட்டின் தூத்துக்குடி மக்ரூன் இக்கருத்துக்கு ஒப்பீட்டுச் சான்றாகிறது. பாதாம் பருப்பால் செய்யும் ஐரோப்பிய மக்ரூன், முத்துக்குளித்துறைக்கு வந்து முந்திரியையும் முட்டை வெண்கருவையும் சர்க்கரையையும் கொண்ட உள்ளூர்ப் பண்டமாயிற்று. மூலப்பொருள் உள்ளூர்மயமானபோதும் அது வீட்டுப் பலகாரமாகவில்லை. அடுமனைக் கடைகளின் பண்டமாகவே புகழ்பெற்றது. அதே மாவட்டத்து வீடுகளில் அச்சு முறுக்கு சுடுவதற்கு எத்தடையும் இருந்ததில்லை. மூலப்பொருளின் மாற்றம் மட்டும் ஒரு பண்டத்தை வீட்டுக்குள் கொண்டுவரப் போதாது; அடுப்பும் இசைய வேண்டும் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். போறணை இல்லாத வீடுகளிலும் கலத்தின் மூடிமேல் தணல் பரப்பி மேலும் கீழும் வெப்பம் தந்து கேக் சுட்டதுண்டு. கோவாவின் அடுக்குக் கேக்கான பெபிங்கா இம்முறையிலேயே செய்யப்பட்டது. பிற்காலத்தில் மணலோ உப்போ பரப்பிய கலத்தினுள், அழுத்தக் குக்கரினுள் கேக் சுடும் முறையும் தமிழ்நாட்டு வீடுகளில் பரவியது. இவை உண்மையே. எனினும் இவை அனைத்தும் போறணையை வீட்டில் போலச்செய்யும் முயற்சிகள். அத்தகைய முயற்சி தேவைப்பட்டமையே அடுப்பு ஒரு தடையாக இருந்ததற்குச் சான்று.

6. மாற்றுப் பொருளின் அயன்மை

அயல்நாட்டு உணவில் உள்ளூர்ப் பொருளைச் சேர்த்தனர் என்னும் கூற்றும் ஆராயத்தக்கது. பாதாமுக்குப் பதிலாக வந்த முந்திரி பிரேசிலைத் தாயகமாகக் கொண்டது. அதனை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவரும் போர்த்துக்கேயரே. அதாவது செய்முறையைக் கொண்டுவந்தவரே, அதன் மூலப்பொருளுக்கு மாற்றாகப் பின்னர் ‘உள்ளூர்’ எனக் கருதப்பட்ட பொருளையும் கொண்டுவந்தனர்.

மறுதிசையில், ஒல்லாந்தில் டிசம்பர் 5 அன்று கொண்டாடப்படும் புனித நிக்கோலஸ் திருநாளுக்குரிய ஸ்பெகுலாஸ் என்னும் பிஸ்கோத்து கறுவா, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றின் மணத்தாலேயே அடையாளம் பெறுவது. தமிழ்நாட்டில் இலவங்கப்பட்டை எனப்படும் கறுவாவின் சிறந்த வகை இலங்கையில் விளைந்தது. அதன் வணிகத்தைத் தன் ஏகபோகமாக்குவதே ஒல்லாந்தக் கம்பெனி இலங்கையைக் கைப்பற்றியதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. ஆகவே கொழும்பில் ஒல்லாந்துப் பெயருடைய பண்டம் சுடப்பட்ட காலத்தில், ஒல்லாந்து நாட்டுப் பண்டிகைப் பண்டமும் தொலைநாடுகளின் விளைபொருளைச் சார்ந்தே இருந்தது. இரு நாடுகளிலும் ‘வீட்டுப் பண்டிகை உணவு’ என்பது கடல்வணிகத்தின் விளைவே. ஆயினும் இவ்வுறவு சமநிலையானதன்று. கறுவா உரிக்கும் கடமை சாலாகம என்னும் சாதியார்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டது. அவ்வுழைப்பே அத்திருநாளின் மணத்துக்குப் பின்னிருந்தது.

7. நாட்காட்டி மாற்றம்

ஒரு பண்டிகை உணவு புதிய சமூகத்தில் நிலைபெறும்போது அதன் நாள் மாறுவது பொதுவாகக் காணப்படும் மாற்றம். அச்சில் சுடும் பண்டம் நோர்வேயிலும் மங்களூரிலும் கிறிஸ்துமஸுக்குரியது. கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவரின் கிறிஸ்துமஸுக்கும் திருமணத்துக்கும் உரியது. இலங்கையிலோ சித்திரைப் புத்தாண்டுக்குரியதாயிற்று. அங்கு அடுப்பு மூட்டுதல், பாற்சோறு பொங்குதல், முதலுணவு உண்ணுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சோதிட முறையில் நேரம் கணிக்கப்படுகிறது. அந்நேர ஒழுங்கினுள் முன்னரே சுட்டு வைக்கக்கூடிய, கெடாத பண்டத்துக்கு இடமிருந்தது. கொக்கிஸ் அவ்விடத்தை நிரப்பியது. புதிய நாளுடன் இணைந்ததும் பழைய நாளின் நினைவு அகன்றது. அது மரபாக உணரப்படுவதற்கு இந்நாள்மாற்றமே இன்றியமையாத படியாக அமைந்தது. புரூதரும் கிறிஸ்துமஸ் கேக்கும் தம் பழைய நாளையே பற்றி நின்றன. ஆகவே அவற்றின் வரலாறும் மறக்கப்படவில்லை.

8. எழுத்துச் சான்றுகளின் சாய்வு

இலங்கைச் சமையல் நூல்களுள் ஹில்டா டொய்ட்ரோம் தொகுத்து 1929-இல் வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் முதன்மையானது. பல பதிப்புகளைக் கண்ட இந்நூல் ஐரோப்பிய உணவையும் உள்ளூர் உணவையும் ஒருங்கே தந்தது. அது ஆங்கிலத்தில், ஆங்கிலம் கற்ற இல்லத்தலைவியரை நோக்கி எழுதப்பட்டது. அளவும் நேரமும் குறிக்கப்பட வேண்டிய கேக்கு வகைகள் இத்தகைய நூல்களில் இயல்பாகவே விரிவான இடம் பெறும். கையளவாலும் கண்ணளவாலும் கற்பிக்கப்பட்ட எண்ணெய்ப் பலகாரங்களோ எழுத்தின் துணையின்றியே தாய்வழி மகளுக்கும் மாமிவழி மருமகளுக்கும் சென்றன. ஆகவே நூற்சான்றுகளை மட்டும் கொண்டு எழுதப்படும் உணவு வரலாறு, வசதியுடையோரின் போறணை உணவைப் பெரிதாக்கியும் பெரும்பான்மையோரின் எண்ணெய்ச் சட்டி உணவைச் சிறிதாக்கியும் காட்டும். வசதியுடைய வீடுகளின் குசினிகளில் உழைத்த சமையற்காரரின் பெயர்களும் அந்நூல்களில் இடம்பெறுவதில்லை. செய்முறைகள் ஒரு சமூகத்திலிருந்து இன்னொரு சமூகத்துக்குச் சென்ற வழிகளுள் அவர்கள் கைகளும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தல் இத்துறையில் இன்றைய தலையாய பணியாகும்.

9. மறுபெயர்வு: மெல்பேணில் ஒரு புரூதர்

சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பறங்கியர் பெருமளவில் ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நடைமுறையிலிருந்த அக்காலத்தில், ஐரோப்பிய வம்சாவளியை நிறுவுவது குடியேற்ற அனுமதிக்குத் தேவைப்பட்டது. ஒல்லாந்துத் தொடர்பு என்பது அவர்களுக்கு நினைவு மட்டும் அன்று. வாழ்க்கைவழியைத் தீர்மானிக்கும் சான்றாகவும் இருந்தது.

ஆஸ்திரேலிய வீடுகளில் அடுமனை அடுப்பு இயல்பான பொருள். கொழும்பில் வெதுப்பகத்தை நாடிய புரூதரும் லவ் கேக்கும் அங்கு முழுமையாக வீட்டுச் சமையலாக இயன்றன. கொழும்பில் பிறந்து 1959-இல் ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெய்ன் சாலமன் 1976-இல் வெளியிட்ட ‘முழுமையான ஆசியச் சமையல் நூல்’ இலங்கை உணவைப் பிற ஆசிய நாட்டு உணவுகளோடு வைத்து ஆஸ்திரேலிய வாசகருக்கு அறிமுகம் செய்தது. இலங்கையில் ஐரோப்பியமாகக் கருதப்பட்ட கேக்குகள் ஆஸ்திரேலியாவில் இலங்கை உணவாக அறியப்பட்டன. ஓர் உணவின் ‘நாடு’ என்பது அது சமைக்கப்படும் இடத்தைப் பொறுத்து மாறும் உறவுப்பெயர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

அயல்நாட்டுப் பண்டிகை உணவு ஒரு வீட்டில் நிலைபெறுவதற்கு அடுப்பு, மூலப்பொருள், நாள் என்னும் மூன்றும் இசைய வேண்டும் என்பது மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுகிறது. கொக்கிஸுக்கு மூன்றும் இசைந்தன. அது நாட்டின் பொதுப் பலகாரமாயிற்று. வட்டிலப்பத்துக்கு அடுப்பும் மூலப்பொருளும் இசைந்தன. அது சமயம் கடந்த விருந்துணவாயிற்று. புரூதருக்கு மூன்றும் இசையவில்லை. அது ஒரு சமூகத்தின் நினைவாக எஞ்சியது. ஆட்சியாளர் செல்வாக்கு ஓர் உணவை அறிமுகப்படுத்தலாம். அதனைத் தக்கவைப்பது வீட்டு அடுப்பே.

இறக்குமதியைச் சார்ந்த உணவு அரசியல், பொருளாதார மாற்றங்களுக்கு எளிதில் ஆட்படும் என்பதும் இதனோடு எண்ணத்தக்கது. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கையின் வீடுகள் பல சமையல் எரிவாயு இன்றி விறகடுப்புக்குத் திரும்பின. அத்தகைய அடுப்பிலும் செய்யத்தக்க பண்டிகை உணவு எது என்னும் வினாவுக்கு விடையாக நிற்பவை எண்ணெய்ச் சட்டியும் ஆவிக்கலமும் தந்த பலகாரங்களே. அவற்றை அந்நியம் என ஒதுக்குவதும் தொன்மை மரபு என உரிமை கொண்டாடுவதும் வரலாற்றுக்கு ஒவ்வாதவை. வந்த பொருளைத் தம் அடுப்புக்கேற்ப மாற்றியமைத்த, பெயர் அறியப்படாத பெண்களின் அறிவே அங்கு மரபெனப் போற்றத்தக்கது.